பிரஸ் செக்‌ஷன் காதுகள்

சங்கத்துக்கு நான் இணைச் செயலாளர் ஆனது ஆசைப்பட்டு நடந்த காரியம் இல்லை. பெண்கள் தரப்பில் ஒருவர் பொறுப்புக்கு வர வேண்டும் என்று பொதுக்குழுவில் தலைவர் கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததால் என் முகம் அவருக்குத் தெரிந்துவிட்டது. பிளஸ் டூ வரை படித்தவள், கையெழுத்து பரவாயில்லை, முத்தியால்பேட்டையிலேயே வீடு, சங்க ஆபீஸுக்கு நடந்தே வந்துவிடலாம். இத்தனை தகுதி போதுமாயிருந்தது. கை தட்டினார்கள். எட்டு வருடமாக ஒவ்வொரு பொதுக்குழுவிலும் என்னை விடுவிக்கச் சொல்லிக் கேட்கிறேன். ஒவ்வொரு முறையும் கை தட்டுகிறார்கள்.

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் சின்னச் சின்னக் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்களுக்கான சங்கம் எங்களுடையது. ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஓர் அறைதான் ஆபீஸ். சங்கம் என்றால் கொடியும் கோஷமும் என்று வெளியில் நினைக்கிறார்கள். எனக்கு அது பெரும்பாலும் கடிதம் எழுதுவது. தொழிலாளர் துறைக்குக் கடிதம், பதில் வராததற்கு நினைவூட்டல் கடிதம், பேச்சுவார்த்தையைத் தள்ளி வைத்ததற்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம். ஷிஃப்ட் முடிந்து வந்து, கையில் எண்ணெய் வாசனை போகாமல், அவற்றை எழுதுவேன். சில வாரங்களில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு ஆறு பேர் வருவார்கள். அந்த ஆறு பேரில் இரண்டு பேர் வெயிலுக்கு ஒதுங்கியவர்கள்.

நான் வேலை செய்கிற கம்பெனியில் பாட்டில் மூடி செய்வார்கள். தகரத் தகட்டை உள்ளே விட்டால் பிரஸ் மெஷின் அடித்து மூடியாகத் தள்ளும். வரிசையாக ஆறு பிரஸ். நான் நாலாவதில். மூன்றாவதில் இருந்த அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நெல்லித்தோப்புக்காரர். கணவர் போன பிறகு ஒரே மகளை அந்த பிரஸ்ஸில் உட்கார்ந்துதான் வளர்த்தார். பதினெட்டு வருடம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம். ஆனால் அந்த இரைச்சலில் நாங்கள் பேசியது எல்லாம் கையாலும் கண்ணாலும் உதட்டாலும்தான். டீ என்றால் கட்டை விரல். சூப்பர்வைசர் வருகிறார் என்றால் புருவம். ஊர்ப்பட்ட கதைகளையும் அப்படியே பேசி முடித்துவிடுவோம். காதில் கொஞ்சம் பஞ்சு வைத்துக்கொள்வது உண்டு. சாயங்காலம் வெளியே வந்தால் ஒரு மணி நேரம் காதுக்குள் ரீங்காரம் கேட்கும், பிறகு அடங்கிவிடும். வேலை என்றால் அப்படித்தான் என்று இருந்தோம்.

கொரோனா வந்து எல்லோரும் முகக்கவசம் போட்ட காலத்தில்தான் அக்கா மாறினார். எதைச் சொன்னாலும் தலையை மட்டும் ஆட்டினார். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாத பதில் சொன்னார். சூப்பர்வைசர் இரண்டு முறை கூப்பிட்டும் திரும்பவில்லை என்று திட்டு வாங்கினார். பயத்தில் இருக்கிறார், மனசு சரியில்லை என்று நாங்களே காரணம் கண்டுபிடித்துக்கொண்டோம். எங்கள் எல்லோருடைய வாயும் மூடியிருந்ததுதான் காரணம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

முகக்கவசம் எல்லாம் கழன்று ஒரு வருடம் ஆகியிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவின் மகள் சங்க ஆபீஸுக்கு வந்தாள். வீராம்பட்டினத்து மீனவக் குடும்பத்துப் பையனை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவள். கல்யாணம் அம்மன் கோயிலில் நடந்தது. அக்கா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, கடைசியில் வந்து நின்று ஆசீர்வாதம் செய்தார். நானும் போயிருந்தேன். வந்து உட்கார்ந்தவள் துப்பட்டாவை முறுக்கிக்கொண்டே சொன்னாள்.

"ஆன்ட்டி, எங்கம்மாகிட்ட நீங்கதான் பேசணும். அது என்கூட பேசறதே இல்ல."

"ஏம்மா, இன்னா ஆச்சு?"

"போன் பண்ணா எடுக்குது. நான் பேசிக்கினு இருக்கறப்பவே கட் பண்ணிடுது. நேர்ல போனா டீவியப் பாத்துக்கினு உக்காந்துக்குது. நான் ஒன்னு கேட்டா அது ஒன்னு சொல்லுது. மாதா கோயில்ல தாலி கட்டலன்னு அதுக்கு மனசுலயே இருக்குது. ரெண்டு வருசமா இப்படியே போவுது. அம்மாவே இல்லாத மாதிரி இருக்குது ஆன்ட்டி."

பேசிப் பார்க்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். குடும்பத் தகராறுக்கும் சங்கத்துக்குத்தான் வருகிறார்கள் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

மறுநாள் மதியம் சாப்பாட்டுக்கு மெஷின்களை நிறுத்தியிருந்தார்கள். அக்கா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். "அக்கா" என்றேன். திரும்பவில்லை. இன்னும் கிட்டே போய், "அக்கா, பொண்ணு வந்திருந்தா" என்றேன். ஒரு வாய் சோறு எடுத்து வைத்துக்கொண்டார். ஒரு கை தூரத்தில் நின்று மூன்றாவது முறையும் கூப்பிட்டேன். பிறகு தோளைத் தொட்டேன். தூக்கி வாரிப் போட்டதுபோல் திரும்பினார்.

"பின்னாலேர்ந்து வராதடி. எத்தினி வாட்டி சொல்றது?"

ஷிஃப்ட் முடிந்து கேட்டுக்கு வெளியே, பஸ்ஸுக்கு நிற்கும் இடத்தில் நேராக அவர் முகத்துக்கு முன்னால் நின்று கேட்டேன். "அக்கா, உனக்குக் காது கேக்கலியா?"

அவர் என் உதட்டையே பார்த்தார். பிறகு, "மெல்லப் பேசு, யாராவது கேட்டுறப் போறாங்க" என்றார். அதை அவர் சொன்ன சத்தத்தில் கேட் வாட்ச்மேன் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"உம் பொண்ணு, நீ கோவமா இருக்கேன்னு நெனச்சிக்கினு அழுவுறா."

"நெனச்சிட்டுப் போட்டும். கோவம்னா ஒரு நாள் தீரும். செவிடுன்னு தெரிஞ்சா வேலைய விட்டு அனுப்பிருவான்."

பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டார். ரோட்டைக் கடக்கும்போது ஒரு பைக் ஹாரன் அடித்துக்கொண்டே என்னை உரசிப் போனது. ஓட்டியவன் திட்டினான். அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த கூட்டத்தில் விஷயத்தை வைத்தேன், பெயர் சொல்லாமல். பிரஸ் செக்‌ஷன் பெண்கள் எல்லோருக்கும் காதுப் பரிசோதனை வேண்டும் என்றேன். தலைவர் எங்கள் ஊரில் மூடிப்போன ஒரு மில்லில் தறி ஓட்டியவர். முட்டி வலியோடு மாடிப்படி ஏறி வந்து உட்கார்ந்திருந்தார்.

"இன்னாது?"

"காதுங்க தலைவரே."

"இன்னா?"

"காது!"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு முகம் மாறியது. "எங்க தறி செக்‌ஷன்ல எல்லாருக்குமே இப்படித்தாம்மா. அது வேலையால வந்ததுன்னு எவன் கண்டான்? வயசாச்சின்னு உட்டுட்டோம்" என்றார். முட்டியைத் தடவிக்கொண்டே, "போனஸ் பேச்சுவார்த்தை வர்ற நேரம். இப்பப் போயி காது மூக்குன்னு ஆரம்பிச்சா நம்ம கையி தளர்ந்துடும். ஆனா நீ எழுது. எழுதிப் பாரு" என்றார்.

எழுதினேன். கம்பெனிக்கு எழுதினேன், பதில் இல்லை. துறைக்கு எழுதினேன், கடிதம் கிடைத்தது என்று ஒரு பதில் வந்தது. இனி எழுதிப் பயனில்லை என்று தெரிந்த பிறகு செவிலியர் சங்கத்தில் இருந்த ஒரு சிஸ்டரைப் போய்ப் பார்த்தேன். அவர்கள் போராட்டத்துக்கு ஒரு முறை நாங்கள் போய் நின்றிருந்தோம். அந்தப் பழக்கம். டியூட்டி முடிந்து வெளியே வந்த சிஸ்டர் செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் உட்கார்ந்து, நான் சொன்னதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன்.

"டெஸ்ட் எடுக்கற பொண்ணு ஒன்னு எனக்குத் தெரியும். மெஷினோட ஞாயித்துக்கெழம வரச் சொல்றேன். ஆனா சத்தமில்லாத ரூம் வேணும். ஃபேன்கூட ஓடக் கூடாது. கெடைக்குமா?"

எங்கள் ஆபீஸில் நடக்காது. கீழே ஜெராக்ஸ், வெளியே பஸ், இரண்டு தெரு தள்ளிக் கோயில் ஸ்பீக்கர். சத்தமில்லாத ஓர் அறையைத் தேடி நான் ஒன்றரை மாதம் அலைந்தேன். இந்த ஊரில் அமைதிக்குப் பேர் போன வெள்ளைக்காரத் தெருக்கள் இருக்கின்றன. அங்கே எங்களுக்கு அறை தருவார் யாரும் இல்லை. கடைசியில் ஆசிரியர் சங்கத்தில் ஒரு டீச்சர் ஒத்துக்கொண்டார். அவர் வேலை செய்த பள்ளியில் பின்பக்கக் கட்டடத்தில் ஒரு வகுப்பறை. அதற்கு அனுமதி வாங்க ஐந்து முறை போனேன். மூன்று முறை அதிகாரி இல்லை. நாலாவது முறை இருந்தார், சீல் வைக்கிறவர் இல்லை.

அறை கிடைத்தது, மெஷின் கிடைத்தது. பெண்கள் கிடைக்கவில்லை. இரண்டு ஷிஃப்டிலும் பிரஸ்ஸிலும் அதைச் சுற்றியும் வேலை செய்கிற இருபத்தாறு பேரில் ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. "நம்மளே போயி செவிடுன்னு எழுதிக் குடுக்கணுமா?" என்றார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. ரிசல்ட் தாள் அவரவர் கைக்கு மட்டும்தான் போகும், சங்கத்திடம்கூட நகல் இருக்காது என்று நோட்டீஸில் பெரிதாக எழுதி ஒட்டினேன். வீடு வீடாகப் போனேன். ஒரு வீட்டில் அந்தப் பெண்ணின் கணவர், "ஏற்கெனவே நான் சொல்றது எதுவும் இவ காதுல ஏறல, டெஸ்ட் வேற எதுக்கு?" என்று சிரித்தார். டீ கொடுத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன். நாலைந்து வீட்டில் அதே டீ, அதே சிரிப்பு.

ஒன்பது பேர் வந்தார்கள். அக்கா வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மகளுக்கு நானே போன் செய்து சொல்லியிருந்தேன், அக்காவைக் கேட்காமல். அது சரியா தப்பா என்று இன்னும் எனக்குத் தெரியாது. மகள் காலைப் பூசை முடிகிற நேரத்துக்கு மாதா கோயில் வாசலிலேயே போய் நின்று, அம்மாவின் கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிக் கூட்டி வந்துவிட்டாள்.

பரிசோதனை செய்யும் பெண் அக்காவைச் சுவரைப் பார்த்து உட்கார வைத்தாள். ஹெட்ஃபோனை மாட்டிவிட்டு, கையில் ஒரு பித்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும் என்று சைகையில் காட்டினாள். மகளும் நானும் பின்னால் குட்டிப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஃபேனை நிறுத்தியிருந்ததால் வேர்த்தது. அந்தப் பெண் மெஷினில் ஒவ்வொரு சத்தமாகக் கூட்டிக்கொண்டே போனாள். அக்கா கையில் பித்தானோடு, பரீட்சை எழுதுகிற குழந்தைபோல முதுகை நிமிர்த்திக் காத்திருந்தார். அழுத்தவே இல்லை. ஒரு கட்டத்தில் ஹெட்ஃபோனிலிருந்து கசிந்த சத்தம் பின்னால் இருந்த எங்களுக்கே மெலிதாகக் கேட்டது. அதற்குப் பிறகுதான் அக்கா அழுத்தினார்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். "நான் கல்யாணத்துக்குன்னு நெனச்சேனே" என்று சொன்னாள். அதையே இரண்டு மூன்று முறை சொன்னாள். பிறகு எழுந்து போய் அக்காவின் எதிரில் மண்டிபோட்டு, அம்மா முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "ஏம்மா சொல்லல?" என்று கேட்டாள். உதடு பெரிதாக அசைய, சத்தம் வராமல் கேட்டாள்.

"சொன்னா நீ வேலைக்குப் போவாதன்னுவ" என்றார் அக்கா. "வேலைக்குப் போவாம உங்க வூட்ல வந்து நான் எப்படி உக்காருவேன்?"

எல்லோரும் முடித்த பிறகு சிஸ்டர் என்னைப் பார்த்தார். "நீங்க?"

"எனக்கெல்லாம் ஒன்னுமில்ல சிஸ்டர். ஏற்பாட்டுக்குத்தான் வந்தேன்."

"வந்ததுக்கு உக்காருங்க. நாலு மாசம் என்னை அலைய வெச்சிருக்கீங்க."

உட்கார்ந்தேன். வலது காது பரவாயில்லை. இடது காதில் மேல் ஸ்தாயிச் சத்தங்கள் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தன. அந்தப் பெண் தாளில் கோடு போட்டுக் காட்டினாள். கோடு இடமிருந்து வலமாகப் போய், பிறகு படியில் கால் தவறியதுபோல் கீழே இறங்கியது. தாளை நாலாக மடித்துக் கைப்பைக்குள், பழைய பஸ் டிக்கெட்டுகளோடு வைத்தேன். யாரும் கேட்கவில்லை. ஊரைக் கூட்டி மேளம் அடித்தவளுக்கும் இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

இரண்டு நாள் கழித்து மேனேஜர் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார். அது வழக்கமில்லை.

"டெஸ்ட் எல்லாம் எடுத்தீங்களாம். நல்லதுதான். லிஸ்ட்ட குடுத்தீங்கன்னா நாங்களும் பாத்து ஏதாவது செய்வோம்ல?"

"லிஸ்ட் இல்ல சார். அவங்கவங்க தாளு அவங்கவங்க கையில இருக்குது."

"நீங்களும் எடுத்தீங்களா? எப்படி இருக்கு?"

"எனக்கு நல்லாத்தான் இருக்குது சார்."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது. அறையை விட்டு வெளியே வந்தபோது அக்காவைப் பற்றி என்னென்ன நினைத்திருந்தேனோ அதெல்லாம் எனக்கே திரும்பியது. வேலை போய்விடும் என்ற பயம் அவருக்கு மட்டும் உரியதா என்ன?

பெயர் இல்லாமல் பேச்சுவார்த்தைக்குப் போனோம். ஒன்பதில் ஏழு பேருக்குக் காது போயிருக்கிறது, அதை மட்டும் சொல்லுங்கள் என்று அந்த ஏழு பேரும் எங்களுக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். அந்த ஏழில் நான் சேரவில்லை. பதினொரு மாதம் இழுத்தது. தேதி கொடுப்பார்கள், நாங்கள் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் துறை ஆபீஸில் போய் உட்காருவோம், கம்பெனித் தரப்பு வராது. தலைவர் நாற்காலியிலேயே தூங்குவார். ஒரு முறை கம்பெனி வக்கீல், "வயதானால் எல்லோருக்கும் காது மந்தமாகும்" என்றார். எங்கள் பெண்களில் இளையவளுக்கு முப்பத்திரண்டு வயது, அவளுக்கும் போயிருந்தது. அதைச் சொன்னேன். அவர் அடுத்த தேதி கேட்டார்.

கடைசியில் கிடைத்தது இவ்வளவுதான். பிரஸ்களைச் சுற்றிச் சத்தம் தடுக்கும் தடுப்பு. எல்லோருக்கும் காதுக்கு மூடி. வருடத்துக்கு ஒரு பரிசோதனை, தாள் தொழிலாளி கையில். காது காரணமாக யாரையும் வேலையை விட்டு நிறுத்தக் கூடாது, வேறு செக்‌ஷனுக்கு மாற்றலாம். தடுப்பு மூன்று பிரஸ்ஸுக்குப் போட்டார்கள், மற்ற மூன்றுக்கு இன்னும் வரவில்லை. காது மூடியைப் பாதிப் பேர் கழுத்தில் மாலையாக மாட்டிக்கொண்டிருக்கிறார்கள், வேர்க்கிறது என்று. நான் சொல்லி அலுத்துவிட்டேன்.

ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு அக்கா தன் தாளைத் தானே கொண்டுபோய்க் காட்டி, மூடி பொறுக்கும் மேசைக்கு மாறினார். அரசுத் திட்டத்தில் சிஸ்டர் ஒரு காது மெஷின் வாங்கிக் கொடுத்தார். அதைப் போட்டால் பாத்திரச் சத்தம் இடி மாதிரி விழுகிறது, மனுஷர் பேச்சு புரியவில்லை என்று அக்கா அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். மகள் வீடியோ காலில் வந்து வாயை அசைத்துப் பார்த்தாள். சிக்னல் விட்டு விட்டு வந்தது. ஒரு நாள் அவள் என்னிடம், "மெசேஜ் போட்டா படிக்குமான்னு பாத்தேன் ஆன்ட்டி. அம்மா மூணாவதோட நின்னுடுச்சி. எழுத்தெல்லாம் மறந்துபோச்சி" என்றாள்.

அறை கொடுத்த டீச்சரிடம் அதைச் சொன்னேன், ஏதோ பேச்சுவாக்கில்தான். அவர், "ஞாயித்துக்கெழம ஒரு மணி நேரம் வரேன். எத்தினி பேர் வருவாங்க?" என்றார். காது போனவர்களும் போகாதவர்களுமாக எட்டுப் பேர் சேர்ந்தார்கள். வேறு எந்தப் புத்தகமும் இல்லை, போன்தான் பாடப் புத்தகம். யாருக்கு வீட்டிலிருந்து என்ன மெசேஜ் வந்ததோ அதுவே பாடம். "வர்றப்போ பால் வாங்கிட்டு வா" என்பதை ஒரு மணி நேரம் நடத்தினார். டீச்சர் பலகையில் எழுதுவார், பெண்கள் திரையில் தேடி விரலை வைப்பார்கள். அக்கா எழுத்துகளை மாவு பிசைவதுபோல் அழுத்தி அழுத்தித் தட்டுவார்.

எட்டு ஆறானது, ஆறு நாலானது. டீச்சருக்குக் காரைக்காலுக்கு மாற்றல் வந்தது. போவதற்கு முன் சாவியையும் சாக்பீஸ் டப்பாவையும் என்னிடம் கொடுத்துவிட்டு, "நீங்க பாத்துக்குங்க" என்றார். எல்லோரும் என்னிடம் கடைசியில் சொல்வது அதைத்தான். பள்ளி அறை போனது, வகுப்பு ஆபீஸுக்கு வந்தது. வாரத்தில் கிடைக்கும் ஒரே ஞாயிறு. வீட்டில் துணி மலைபோல் கிடக்கும். ஸ்கூல் வேன் ஓட்டும் என் கணவர் அன்றைக்குத்தான் வீட்டில் இருப்பார். நான் அங்கே மூன்று பெண்களோடு உட்கார்ந்து 'ண'வுக்கு எத்தனை சுழி என்று சொல்லிக்கொண்டிருப்பேன். ஒரு ஞாயிறு யாராவது ஒருத்தி வராவிட்டால் கோபம் வராது, நிம்மதியாக இருக்கும். அதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டாவது வருடப் பரிசோதனைக்குப் பெயர் கேட்டபோதும் அதே கதை. ஒப்பந்தம் இருந்தும் பயம் போகவில்லை. ஐந்து பேர்தான் கொடுத்தார்கள். கூட்டத்தில் ஆறாவது பிரஸ்ஸில் இருந்த பெண் நேராகக் கேட்டாள்.

"போன வாட்டி நீயும் எடுத்தியே. உனக்கு இன்னா வந்துச்சி?"

"எனக்கா? நார்மல்தான்" என்றேன்.

எதிரில் உட்கார்ந்திருந்த அக்கா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொய் சொல்லாத" என்றார். வழக்கம்போல் சத்தமாக. அறை முழுக்கக் கேட்டது.

"வகுப்புல என்னை எப்பவும் உன் வலது பக்கந்தான் உக்கார வெக்கிற. போனையும் வலது காதுலதான் வெக்கிற. யாராவது அந்தப் பக்கமிருந்து பேசினா மொதல்ல வாயப் பாக்கிற. நான் பாத்துக்கினுதான் இருக்கேன். நான் பண்ணதெல்லாந்தான நீயும் பண்ற?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. எட்டு வருடமாக இவர்களுக்காக ஓடுகிறேன், என்னை இப்படி நடுக்கூட்டத்தில் நிற்க வைக்கிறாரே என்று. பிறகு கோபத்துக்கும் தெம்பில்லை. கைப்பையில் துழாவி அந்தத் தாளை எடுத்தேன். மடிப்பெல்லாம் கிழியத் தொடங்கியிருந்தது. ஆறாவது பிரஸ் பெண்ணிடம் கொடுத்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கோடு கீழே இறங்குகிற இடத்தை விரல் வைத்துக் காட்டினேன்.

"இடது காது. மேனேஜர்கிட்ட நல்லா இருக்குன்னு சொல்லிட்டேன். உங்ககிட்டயும் சொல்லிட்டேன்."

தாள் கை மாறி மாறிப் போனது. யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். தலைவர், "எனக்கும் ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லும்மா. எழுபது வயசுல யாரு என்னை வேலைய விட்டு அனுப்பப் போறான்?" என்றார். அதற்குச் சிரித்தார்கள். அன்றைக்கு மேலும் ஏழு பேர் பெயர் கொடுத்தார்கள். ஆறாவது பிரஸ் பெண் கொடுக்கவில்லை. அடுத்த வாரம் தனியாக வந்து, மெதுவாக, என் வலது பக்கம் நின்று கொடுத்தாள்.

மேனேஜருக்கு இரண்டே நாளில் செய்தி போய்விட்டது. ஒரு மாதம் கழித்து, பாதுகாப்புக் காரணங்களுக்காக என்று எழுதி என்னைப் பேக்கிங்குக்கு மாற்றினார்கள். ஒப்பந்தத்தில் நாங்களே எழுதி வாங்கிய வரிதான் அது, மறுக்க முடியாது. பிரஸ்ஸில் உட்கார்ந்து வேலை, பேக்கிங்கில் நின்றே. சாயங்காலம் கால் வீங்கிவிடுகிறது. காது என்னவோ இன்னும் மோசமாகவில்லை.

இந்த மழைக்காலத்தில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டு நேரம். அக்கா லாக்கரைத் திறந்து போனை எடுத்தார். மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியிருந்ததால் தினமும் எடுத்துப் பார்ப்பார். சாப்பிட்டுக்கொண்டிருந்த நாங்கள் கவனிக்கவில்லை. அவர் சுவரோரம் நின்று, விரலைத் திரையில் வைத்து, உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகப் போய்க்கொண்டிருந்தார். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஒரு முறை. பிறகு டப்பாவை மூடாமலேயே நேராக சூப்பர்வைசரிடம் போய்ப் போனை நீட்டினார்.

"எம் மருமகப் புள்ள போட்டிருக்குது. ஆஸ்பத்திரில சேத்துட்டாங்க, வலி வந்துடுச்சாம். நான் போணும்."

"யாரு படிச்சுச் சொன்னாங்க?" என்று அவர் கேட்டார். போனைப் பார்த்துக்கொண்டே கேட்டதால் அக்காவுக்கு அது தெரியவில்லை. பதில் சொல்லாமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மூடாத டப்பாவை நான் மூடி வைத்தேன். அரை நாள் மூடி பொறுக்கும் மேசையையும் நாங்கள் இரண்டு பேர் சேர்த்துப் பார்த்துக்கொண்டோம்.

அன்று சாயங்காலம் சங்கத்தில் நிர்வாகக் குழுக் கூட்டம். மழை என்பதால் என்னையும் தலைவரையும் சேர்த்து ஐந்து பேர். மீதி மூன்று பிரஸ்ஸுக்குத் தடுப்பு போடவில்லை என்று துறைக்கு நினைவூட்டல் கடிதம் எழுதிக்கொண்டிருந்தபோது என் போன் அதிர்ந்தது. அக்கா எனக்கு அனுப்பிய முதல் மெசேஜ்.

"பொன்னு பொரந்துச்சி. ரென்டு பேரும் நல்லா இருக்காங்க."

மூன்று இடத்தில் தப்பு. 'ண'வை நான் நாலு வாரம் நடத்தியிருந்தேன். திரும்ப ஒரு முறை படித்துவிட்டுத் தலைவரிடம் காட்டினேன். "நல்ல சேதிதான்" என்றார். கடிதத்தை முடித்துத் தேதி போட்டு அவரிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். எங்கே போட வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினேன்.